கேட்காதவளுக்குக் கொடுக்க வேண்டியது

செவ்வாய்க்கிழமை வந்தால் என் கண் வாசலிலேயே இருக்கும். கடனெல்லாம் ஒரு கரைக்கு வந்த பிறகும் அப்படித்தான். பதுளைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் துணிக்கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்று, வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே எட்டிப் பார்த்தால், என் கால் தானாகச் சரக்கு அறைப் பக்கம் திரும்பும். பார்த்தால் அவர் வீட்டுக்காரிக்குச் சட்டைத் துணி வாங்க வந்தவராக இருப்பார். சாயம் போகுமா என்று கேட்பார். போகாது என்று சொல்லும்போது என் குரல் நடுங்கும். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்து அவர் வேறு துணி கேட்பார்.

நான் பயந்த பிறவி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மா மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தபோது தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நானாக இருந்தேன். பிறகு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போனேன். எழுத்து எனக்குத் தெரியும். செய்தித்தாள் வாசிப்பேன், கடை போர்டு வாசிப்பேன். ஆனால் கடிதம் என்று ஒன்று என் பெயருக்கு வந்தால், அதுவும் நீள உறையில் வந்தால், திறக்க மாட்டேன். திறந்தால்தானே விஷயம் நடக்கும் என்று ஒரு எண்ணம். சம்பளச் சீட்டு, அடகுச் சீட்டு, தவணைக்கு எடுத்த டிவியின் பில் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மடித்தபடியே போகும். டின்னின் மூடியை அழுத்திச் சாத்திவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கும்.

செலவாளி என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. பட்டுச் சேலை ஒன்றுகூட என்னிடம் கிடையாது. என் காசு போனதெல்லாம் பயத்தில் போனது. கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்ற அந்த வருஷம், மாவு இனிமேல் கிடைக்காது என்று பெரட்டுக்களத்தில், காலையில் பெயர் கொடுத்து வேலைக்குப் பிரிகிற இடத்தில், யாரோ சொன்னார்கள். தீபாவளிக்குத் தோட்டத்தில் கொடுத்த முன்பணம் அப்படியே கையில் இருந்தது. நான் இரண்டு மூட்டை மாவு வாங்கிப் போட்டேன். வீட்டில் நானும் என் மகளும் மட்டும். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார்; அனுப்புகிற மாதமும் உண்டு, அனுப்பாத மாதமும் உண்டு. இரண்டு பேர் எத்தனை ரொட்டி தின்ன முடியும்? இரண்டாவது மூட்டையில் வண்டு விழுந்தது. தீபாவளி முன்பணம் அடுத்தடுத்த சம்பளத்தில் வெட்டுப்பட்டுக்கொண்டே வந்தது. வெட்டு போக மிஞ்சியது போதாமல்தான் குழுக் கடனில் சேர்ந்தேன்.

குழுக் கடன் என்றால், ஐந்து பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைக்கு ஐம்பதாயிரம். வாரம் ஆயிரத்து நானூறு ரூபாய் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அந்தத் தவணையைப் போட்டு நிரப்ப வேண்டும். கம்பெனிப் பையன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நாங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும் நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வருவான். குழுத் தலைவி வீட்டு வாசலில் பாய் விரித்து ஐந்து பேரும் உட்கார வேண்டும்.

அந்த ஐந்தில் ஒருத்தி என் அடுத்த நெரை அக்கா. தேயிலை வரிசையை நாங்கள் நெரை என்போம். ஆளுக்கொரு நெரை பிடித்து ஏறுவோம். என் வலது கைப் பக்கத்து நெரை அவளுடையது. பன்னிரண்டு வருஷம் அப்படித்தான். ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் போடுவார்கள்; அதாவது பாதிச் சம்பளம். எனக்குக் காய்ச்சலாக இருந்த நாட்களில் அவள் பேசிக்கொண்டே தன் சாக்கிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி என் சாக்கில் போடுவாள். பேச்சை நிறுத்த மாட்டாள். நான் நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் நாலு செடி தாண்டிப் போயிருப்பாள். உறவில் அவள் எனக்கு ஒன்றும் இல்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவள், அவ்வளவுதான்.

இருபது வாரம் ஒழுங்காகக் கட்டினேன். ஒழுங்காக என்றால், டிவிக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இதைக் கட்டினேன். அவர் சத்தம் போட்டதும் மளிகைக் கடையில் கடன் சொல்லிவிட்டு அவருக்குக் கொடுத்தேன். மளிகைக் கடையில் முகம் சுளித்ததும் என் தோட்டை அடகு வைத்தேன். அதை மீட்கவே இல்லை. அது ஏலத்தில் போய்விட்டது. இருபத்தோராவது செவ்வாய்க்கிழமை கையில் முந்நூறு ரூபாய் இருந்தது. முந்நூறைக் கொண்டுபோய்ப் பாயில் உட்கார்ந்து, "இவ்வளவுதான் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். நான் லயத்துக்கு மேலே மலைக்குள் போய்த் தேயிலைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மோட்டார் சைக்கிள் இறங்கிப் போகும் சத்தம் கேட்கும் வரை உட்கார்ந்திருந்தேன். மறுவாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் மழை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே என்னைத் தேடி என் மகளிடம் கேட்கும் குரல் மேலே வரைக்கும் கேட்டது. அவள் தெரியாது என்று சொன்னாள். பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

நாலு வாரம் அந்த நாலு பேரும் என் தவணையைப் போட்டார்கள். ஐந்தாவது செவ்வாய் வருவதற்கு முன் நான் மகளைக் கூட்டிக்கொண்டு பதுளைக்கு வந்துவிட்டேன். துணிக்கடையில் ஆள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். பக்கத்தில் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. போன் நம்பரை மாற்றினேன். தோட்டத்துக்குச் சொல்லிக்கொள்ளாமல் வந்தேன். அக்காவிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் போனது. யாரும் தேடி வரவில்லை. அப்போது இந்த மாதிரிக் கடன்களைத் தள்ளுபடி செய்யப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. யாருக்குத் தள்ளுபடி, எந்த ஊருக்கு, உண்மையா பொய்யா, ஒன்றும் நான் விசாரிக்கவில்லை. எனக்குத்தான் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டேன். விசாரித்தால் இல்லை என்று சொல்லிவிடுவார்களே.

குழுத் தலைவி மட்டும் எப்படியோ என் புது நம்பரைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு வாய் பெரிது. தனக்கு ஒரு தவணைக் காசு, மற்ற இரண்டு பேருக்கும் ஒவ்வொரு தவணை என்று வாரத்துக்கு இரண்டு முறை போனில் ஏசினாள். மூன்று மாதத்தில் அவர்கள் மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டேன். அக்கா போன் பண்ணவில்லை. ஆகவே அக்காவுக்கு அனுப்பவில்லை. இது எனக்குப் பின்னால்தான் விளங்கியது: நான் கடனைக் கணக்குப் பார்த்து அடைக்கிற ஆள் இல்லை, சத்தத்தைப் பார்த்து அடைக்கிற ஆள். யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்களுக்கு முதலில் கொடுப்பேன். கத்தாதவர்கள் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். அக்காவுக்கு ஆயிரத்து நானூறுதானே, எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு பொங்கல் நேரம், அதே குழுத் தலைவி எங்கள் கடைக்குத் துணி எடுக்க வந்தாள். என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. நாலு சேலையை விரிக்கச் சொன்னாள். நாலையும் வேண்டாம் என்றாள். ஐந்தாவதை மடியில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகப் பேசுகிற மாதிரிச் சொன்னாள்:

"நீ இங்க கண்ணாடிக் கடையில நின்னு சேலை மடிக்கிற. அங்க ஒருத்தி உன்னால காதுல ஈர்க்குச்சியச் சொருகிக்கிட்டு அலையிறா."

ஈர்க்குச்சி என்றால் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோடு அடகுக்குப் போனால் காது ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று விளக்குமாற்றுக் குச்சியை உடைத்துச் சொருகிக்கொள்வோம். நானும் சொருகியிருக்கிறேன். யாரைச் சொல்கிறாள் என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"யாரா? நீ ஓடுன அடுத்த வாரம் அந்தப் பையன் வாசல்லயே உக்காந்துட்டான். காசு இல்லாம போனா தனக்கு வேலை போயிருமுன்னு அழுவாத குறை. நாங்க மூணு பேரும் முடியாதுன்னுட்டோம். அவதான் தோட்டக் கழட்டிக் கொண்டுபோயி வச்சு, உன் மிச்சக் கடன ஒரே அடியா கட்டுனா. ரெண்டு வருஷமா வட்டியக் கட்டிப் புதுப்பிச்சுக்கிட்டு இருந்தா. இந்த வருஷம் அவ புருஷனுக்கு நெஞ்சு இழுப்பு. வட்டி கட்ட முடியல. மாசக் கடைசிக்குள்ள கட்டலன்னா ஏலமுன்னு கடுதாசி வந்திருச்சு. இந்தச் சேலையில நூறு ரூவா கொறைக்கச் சொல்லு உன் முதலாளியம்மாகிட்ட."

நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தோம். சேலையை மடித்துப் பையில் போட்டது நானா, வேறு யாராவதா என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

சாயங்காலம் அறைக்கு வந்து பிஸ்கட் டின்னைத் திறந்து தரையில் கொட்டினேன். என் மகளுக்கு அப்போது பதினேழு வயது. சிங்களமும் நன்றாக வாசிப்பாள். ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பழைய சம்பளச் சீட்டுகள். டிவி பில். என் தோடு ஏலம் போவதற்கு முன் வந்த கடிதம். அதையும் நான் திறக்கவில்லை. கடைசியில் ஒரு நீள உறை. லயத்து முகவரிக்கு வந்ததை யாரோ பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்ப, அவர் கடையில் கொடுத்துவிட்டுப் போனது. அப்போது அதைப் பார்த்து வழக்குத்தான் போட்டுவிட்டார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். மகள் அதைக் கிழித்து வாசித்தாள். என் கடன் கணக்கு முழுவதும் செலுத்தப்பட்டு முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. ஒரே தடவையில் முப்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.

மூன்று வருஷமாக அந்தக் கடிதம் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. திறந்திருந்தால் அன்றைக்கே யார் கட்டினார்கள் என்று கேட்டிருப்பேன். முதல் வருஷமே மீட்டிருக்கலாம். என் மகள், "நல்ல செய்திதானேம்மா, ஏன் அழுறீங்க?" என்றாள்.

மறுநாள் நான் செய்தது பழைய புத்தி. முதலாளியம்மாவிடம் போய் நாற்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டேன். அவர் நல்ல மனுஷி, கண்டிப்பானவர். மேசை லாச்சியைத் திறந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். வைத்துவிட்டு எதற்கு என்று கேட்டார். ஒருவருடைய தோட்டை மீட்க வேண்டும், அவருக்குத் தெரியாமல் மீட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றேன்.

"சீட்டு யார் பேர்ல இருக்கோ அவங்க வந்து கையெழுத்துப் போடணும்" என்றார். "நீ போனா குடுக்க மாட்டாங்க."

அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் மறந்திருந்தேன், அல்லது மறக்கப் பார்த்தேன். அவளைப் பார்க்காமலே அடைத்துவிட முடியாதா என்றுதான் என் மனது வழி தேடியது. முதலாளியம்மா கணக்குப் புத்தகத்தைத் திறந்து, மாதம் எவ்வளவு வெட்டிக்கொள்வது என்று கேட்டார். பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நாற்பதாயிரம் என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். வெட்டுகிற மாதங்களில் வாடகைக்கு என்ன செய்வேன், வாடகைக்கு யாரிடம் வாங்குவேன், அவரிடம் எங்கே ஒளிவேன் என்று எல்லாம் கண்முன் வரிசையாக வந்து நின்றது. பயந்த பிறவியாக இருப்பதில் அன்றைக்குத்தான் ஒரு பிரயோசனம் கண்டேன். வேண்டாம்மா என்றேன். அவர் நோட்டைத் திரும்ப லாச்சியில் வைத்தார். எடுக்காத கடன் அதுதான் எனக்கு முதல்.

ஏலத்தை நிறுத்த அந்த வருஷ வட்டி ஆறாயிரம் ரூபாய் போதும். சம்பளம் வந்ததும் ஆறாயிரத்தைத் தனியாக எடுத்தேன். எடுத்தால் வாடகைக்குக் காசு குறையும். வழக்கமாக இருந்தால் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டும் வரை உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அன்றைக்கு நானே போய்த் தட்டினேன். இந்த மாதம் பத்து நாள் பிந்தும், அரைவாசி இப்போது இருக்கிறது என்று சிங்களத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர், சரி, முன்கூட்டிச் சொன்னாயே, அதுவே போதும் என்றார். இவ்வளவுதானா? இத்தனை வருஷம் நான் செடிக்குப் பின்னால் உட்கார்ந்தது இதற்குத்தானா என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பசறைப் பாதை பஸ்ஸில் ஏறினேன். தோட்டத்துச் சந்தியில் இறங்கி அரை மணி நேரம் ஏற வேண்டும். பாதியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றேன். லயத்துக்குக் கீழே பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அக்கா கம்பளி துவைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. காதில் குச்சி. என்னைப் பார்த்தாள், கையிலிருந்த சவுக்காரத்தைக் கல்லில் வைத்தாள்.

"இந்தப் பக்கத்தப் புடி" என்றாள்.

நான் கம்பளியின் ஒரு முனையைப் பிடித்தேன். அவள் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். தண்ணீர் வடிய வடிய எனக்கும் கண் வடிந்தது.

"அழுவுறதுன்னா அங்கிட்டுத் திரும்பி அழு. இப்பத்தான் அலசியிருக்கேன்."

தெரியாது அக்கா, எனக்குத் தெரியவே தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள நீ வரவில்லை என்றாள். அதில் கோபம் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல்தான். ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ இன்னும் தூரமா ஓடியிருப்ப. பதுளையில இருக்கிறவ கொழும்புக்குப் போயிருப்ப. புள்ளையோட படிப்பும் போயிருக்கும்."

ஆறாயிரத்தை நீட்டினேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கி, என் முன்னாலேயே எண்ணினாள். எண்ணியது எனக்குப் பிடித்திருந்தது. மீதியை அடுத்த மாதமே எப்படியாவது புரட்டிக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது.

"பொரட்டாத. எவன்கிட்டயாச்சும் வாங்கிட்டு வந்து எனக்குக் குடுப்ப, அப்புறம் அவனுக்கு ஒளிவ. உன் சம்பளத்துல என்ன முடியுமோ அத மாசாமாசம் கொண்டா. ஆள்கிட்ட குடுத்து விடாத. நீயே வா."

மாதம் மூவாயிரத்து ஐந்நூறு என்று பேசிக்கொண்டோம். அதை அவள் வங்கியில் அடகுக் கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாகக் கட்டிவருவாள். புருஷனுக்குக் கிளினிக் என்று மாதம் ஒரு முறை பதுளைக்கு வரத்தான் செய்கிறாள்.

அந்த மாதங்களில் நான் செய்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சம்பளம் வந்த அன்றே கடிதம் எதுவாக இருந்தாலும் திறப்பேன். தனியாகத் திறக்கப் பயம், மகள் பக்கத்தில் இருக்க வேண்டும். அக்காவின் காசு முதலில், பிறகு வாடகை, பிறகு அரிசி. யார் சத்தம் போடுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. மாவு கிடைக்காது, சீனி கிடைக்காது என்று கடையில் பேச்சு வரும்போது கை பரபரக்கும். ஒரு கிலோ கூடுதலாக வாங்குவேன். ஒரு கிலோவோடு நிற்கப் பழகினேன். சில மாதம் இரண்டு கிலோ வாங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை.

ஒவ்வொரு மாதமும் பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரு புதுக் கவலை வந்தது: அக்கா இந்தக் காசை வேறு எதற்காவது செலவழித்துவிட்டால்? அவள் தோட்டைக் கழற்றி என் கடனைக் கட்டியவள்; நான் அவளைச் சந்தேகப்பட்டேன். எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கும். ஆனால் கவலை வெறுப்பைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஐந்தாவது மாதம் நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளே சொன்னாள்.

"போன மாசத்துக் காச நான் தின்னுட்டேன். இவரத் திடீர்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், த்ரீவீலுக்கும் மருந்துக்கும் போச்சு. மொதல்ல சொல்லிட்டேன். இப்ப உக்காரு."

நான் உட்கார்ந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவள் அதைச் சொன்ன விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் இறங்கவில்லை, கண் தரைக்குப் போகவில்லை. இல்லை என்று சொல்வதற்கு இப்படி ஒரு முறை இருக்கிறது என்று யாராவது எனக்குப் பன்னிரண்டு வயதில் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை, நாற்பத்தொன்றில் கண்டேன். உள்ளே அக்காவின் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கட்டிலில் சாய்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, "இவ உன்கிட்டயும் கணக்குச் சொல்றாளா? எனக்கு ஒரு நாளும் சொல்றதில்ல" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்த மாதக் காசு அவருடைய மருந்துக்குப் போனதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஆகவே பத்து மாதம் என்று நினைத்தது பதினொன்று ஆனது. கடைசி நாள், கிளினிக் முடிந்து அக்கா மட்டும் கடை வாசலுக்கு வந்தாள். முதலாளியம்மாவிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு அவளோடு வங்கிக்குப் போனேன். நம்பர் கொடுத்தார்கள், உட்கார்ந்திருந்தோம். தோடு மாறிப் போயிருந்தால்? சீட்டில் ஏதாவது பிழை இருந்தால்? கூட ஏதாவது கேட்டால்? கூடக் கேட்டார்கள்; கடைசி மாதங்களின் வட்டி கொஞ்சம். அதற்கும் நான் எடுத்து வைத்திருந்தேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சின்னத் தராசில் தோட்டை வைத்துக் காட்டிவிட்டு, ஒரு பொலித்தீன் உறையோடு தள்ளினாள்.

வெளியே படியில் நின்று அக்கா அந்த இடத்திலேயே போட்டுக்கொண்டாள். வலது காதில் போட்டுவிட்டாள். இடது காதுத் திருகு கைக்குப் பிடிபடவில்லை, விரல் எல்லாம் கொழுந்து எடுத்துக் காய்ப்பு ஏறிப் போனவை. என்னைத் திருகச் சொன்னாள். திருகு இரண்டு முறை நழுவியது.

"காதோட சேத்துத் திருகாத, எனக்கு இன்னும் வேணும்" என்றாள்.

ஒருவழியாக முடிந்தது. நான் கைகூப்பிவிடலாம் என்று நினைத்தேன். காலில்கூட விழுந்திருப்பேன், தெரு நிறைய ஆட்கள். இத்தோடு முடிந்தது, இனி அக்காவுக்கு நான் என்ன, அக்கா எனக்கு என்ன என்று ஒரு பயம் வேறு அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தது. அக்கா பழைய சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மொதல் ரெண்டு வருஷ வட்டி நான் கட்டுனது. பதினோராயிரத்து எரநூறு. அது அப்படியே இருக்கு, ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னிடம் காசு கேட்டிருக்கிறார்கள். வாசலில் நின்று, போனில், பத்துப் பேர் முன்னால். தர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் கேட்டார்கள். தருவாள் என்று தெரிந்து கேட்டது அவள் ஒருத்திதான். அதுவும் மூன்று வருஷம் கேட்காமலே இருந்தவள். அந்தக் கேள்விக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொன்னாலும் நாலு செடி தாண்டிப் போயிருப்பாள்.

"மாசம் ஆயிரம் குடுத்தாப் போதுமா அக்கா?" என்று கேட்டேன்.

"ஆயிரத்து ஐந்நூறு குடு. இழுத்துக்கிட்டு இருக்காத" என்றாள். நான் சரி என்றேன்.

மூன்று மாதம் கொடுத்துவிட்டேன். நாலாவது மாதக் காசு எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணனுக்கு உடம்பு பரவாயில்லையாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். மழை பெய்தால் சந்தியிலிருந்து ஏறுகிற பாதை வழுக்கும், பஸ் வேறு நேரத்துக்கு வராது. அதை நினைத்து இப்போதே கவலையாக இருக்கிறது. ஆனாலும் போவோம்.